மருந்து ஏறிவிட்டது, இனி அம்மாவை எங்கே வைத்துத் தேற்றுவது?

2022 தைப்பூசத்துக்கு மறுநாள். கொவிட்-19 தொற்றிய அம்மாவின் கையில் ஏறிக்கொண்டிருந்த சொட்டு மருந்து அரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. "ஒரு டம்ளர் தண்ணிகூட இருக்காது, இதுக்கா இத்தனை கையெழுத்து வாங்குனாங்க?" என்று போனில் கேட்டார். தனிமை வார்டு என்பதால் எங்களில் யாரும் பக்கத்தில் இருக்க முடியவில்லை. அடுத்த ஒரு மணி நேரம், ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று தாதி வந்து வந்து பார்த்திருக்கிறார். வரவில்லை. மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்த நாள் வார்டு மருத்துவர் அக்காவைக் கூப்பிட்டு, இனி இவரை எங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. மருந்து கிடைக்குமா கிடைக்காதா என்பதிலேயே மூன்று நாள் ஓடியிருந்தது. கிடைத்ததும் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துவிட்டோம். அம்மாவுக்கு அப்போது 68 வயது. சிங்கப்பூரில், ஹவ்காங்கில் மூவறை வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு), கூட இருப்பது நான் மட்டும். அக்கா உட்லண்ட்ஸில். அக்கா சொன்னது வார்டு, நான் சொன்னது வீடு, மாமா சொன்னது இரண்டுமில்லாத மூன்றாவது இடம். யார் சொன்னது சரி என்பதைவிட, எதை வைத்து முடிவெடுத்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பிற்பாடு புரிந்தது.

முதலில் அம்மாவுக்கு ஏன் அந்த மருந்து என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பல வருடமாக முடக்குவாதம். அதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று ரிட்டுக்ஸிமாப் ஏற்றுவார்கள். உடம்பில் எதிர்ப்பொருள் தயாரிக்கும் பரம்பரையைச் சேர்ந்த பி செல்களை அந்த மருந்து துடைத்துவிடும். மூட்டுக்கு அது நல்லது. ஆனால் தடுப்பூசி போட்டால் அதைப் படித்து எதிர்ப்பொருள் செய்ய ஆளில்லை. மூன்று ஊசி போட்டும் அம்மாவின் உடம்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் வெளியில் தயாரித்த எதிர்ப்பொருளைக் கடனாக ஏற்றினார்கள். சொட்ரோவிமாப், 500 மில்லிகிராம், ஒரே தடவை. இங்கே சுகாதார அறிவியல் ஆணையம் அதற்கு 2021 ஜூன் இறுதியில் இடைக்கால அனுமதி கொடுத்திருந்தது.

அந்த மருந்தின் கதையில் நமக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. 2003இல் சார்ஸ் வந்து பிழைத்த ஒருவரின் ரத்தத்தில், பத்து வருடம் கழித்துத் தேடியபோது கிடைத்த எதிர்ப்பொருள்தான் அதன் மூலம். அந்த வருடம் சிங்கப்பூரில் 238 பேருக்கு சார்ஸ் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். டான் டோக் செங் மருத்துவமனைப் பக்கம் போகவே ஊர் பயந்தது. அந்தக் காலத்தில் வேறெங்கோ பிழைத்த யாரோ ஒருவருடைய உடம்பு கற்றுக்கொண்ட பாடம், 19 வருடம் கழித்து அம்மாவின் நரம்பில் இறங்கியது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கட்டும்" என்றார்.

சரி, அது என்ன செய்யும், என்ன செய்யாது? கிருமியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளைப் பிடித்துக்கொண்டு, புதிய செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஏற்கெனவே வீங்கிய நுரையீரல், சாப்பிடாமல் இளைத்த தசை, தூக்கம் கெட்ட மூளை, இதெல்லாம் அதன் கணக்கில் வராது. மருந்து ஏறிய மூன்றாம் நாள் அம்மாவின் குரலில் தெம்பு வந்ததும் நாங்கள் எல்லோரும் ஏமாந்தது அங்கேதான். கிருமி அடங்குவது ஒன்று, ஆள் தேறுவது இன்னொன்று. தேறுகிற இடத்தைத்தான் நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

வார்டிலேயே இருப்பது

அக்காவின் கட்சி இது. காரணமும் வலுவானது. பி செல் இல்லாதவர்களுக்குக் கிருமி சீக்கிரம் ஒழியாது, வாரக்கணக்கில் உள்ளே இருக்கலாம், அடங்கியதுபோல் இருந்து திரும்பக் கிளம்பலாம். மூச்சு வாங்கினால் வார்டில் பிராணவாயு தலைமாட்டில் இருக்கும். நுரையீரல் படம் எடுக்க, ரத்தம் பார்க்க வெளியே அலைய வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. அம்மா தினமும் 5 மில்லிகிராம் பிரட்னிசலோன் சாப்பிடுகிறவர். அது காய்ச்சலை மூடி மறைக்கும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வெப்பமானியை மட்டும் நம்பித் தெரிந்துகொள்ள முடியாத ஆள் அவர்.

ஆனால் வார்டுக்கென்று ஒரு விலை உண்டு, அது ரசீதில் வராது. வயதானவர்கள் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தே கிடந்தால் கால் போய்விடும். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. இரண்டு காலிலுமாகச் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு அந்தக் கதி. தனிமை அறையில் நடக்க இடமும் கிடையாது, நடத்திவிட ஆளும் கவசம் மாட்டிக்கொண்டுதான் வரவேண்டும். நான்காம் ராத்திரி அம்மா போன் செய்து, அப்பாவுக்குக் கோப்பி போட்டாயா என்று கேட்டார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. ஜன்னலில்லாத அறை, தெரியாத முகங்கள், முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து வரும் ஆங்கிலம், விட்டு விட்டு வரும் தூக்கம் எல்லாம் சேர்ந்தால் வயதானவர்களுக்கு இப்படித் தடுமாற்றம் வரும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி தெரிந்திருக்கவில்லை. அக்காவும் நானும் ஆளுக்கொரு போனில் உட்கார்ந்து அழுதோம்.

என் கணக்கில், வார்டு எதுவரை என்றால், உட்கார்ந்திருக்கும்போதும் நாலு அடி நடந்தபிறகும் பிராணவாயு அளவு இறங்காமல் நிற்கத் தொடங்கும்வரை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நன்மை குறைந்து தீமை கூடும்.

நடுவில் ஓர் இடம்

மாமா சொன்னது அப்போதிருந்த கொவிட்-19 சிகிச்சை நிலையங்களை. வயதானவர்கள், வேறு நோய் உள்ளவர்கள், ஆனால் நிலை சீராக இருப்பவர்கள், இவர்களுக்காக 2021 கடைசியில் ஏற்பாடு செய்தார்கள். மருத்துவர், தாதி, தேவைப்பட்டால் பிராணவாயு எல்லாம் உண்டு. அந்த நிலையங்கள் இன்று இல்லை, அதனால் அதை நீட்டவில்லை.

இன்றைக்கு அந்த நடு இடத்தில் இருப்பது சமூக மருத்துவமனை. செங்காங், ஊட்ரம், ஈசூன், ஜூரோங் என்று பெரிய மருத்துவமனைகளை ஒட்டியே இருக்கின்றன. அதை முதியோர் இல்லம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். "அம்மாவை அங்கே போட்டுட்டீங்களா?" என்று கேட்கும் உறவினர் ஒருவராவது எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அது இல்லமில்லை. தினமும் உடற்பயிற்சி சிகிச்சையாளர் வந்து எழுப்பி நடக்கவைப்பார், தொழில்வழிச் சிகிச்சையாளர் குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது எல்லாம் பழக்குவார். சில வாரம் இருந்து வீட்டுக்கு வருவதற்கான இடம். வருமானத்தைப் பொறுத்து மானியம் உண்டு, மருத்துவச் சேமிப்பான மெடிசேவும் பயன்படும். பெரிய மருத்துவமனையிலிருந்தே பரிந்துரைத்து அனுப்பச் சொல்லலாம்.

யாருக்கு இது? தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்தவர்கள், படுக்கையிலிருந்து தானாக எழ முடியாதவர்கள், வீட்டில் பகலில் ஆளில்லாதவர்கள். அம்மா தானாக எழுந்து நடந்தார். பார்த்துக்கொள்ள நானும் இருந்தேன். அதனால் எங்களுக்கு இது தேவைப்படவில்லை. அம்மா கீழே விழுந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

வீடு

நாங்கள் தேர்ந்தெடுத்தது வீடு. மருந்து ஏறிய ஐந்தாம் நாள் அம்மா வந்து சேர்ந்தார். வந்ததும் முதலில் சாமி படத்துக்கு விளக்கேற்றினார், இரண்டாவதாக அடுப்படியை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். அந்தச் சுளிப்பைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது எனக்கு. அன்று ராத்திரி அப்பாவைக் கேட்கவில்லை.

ஆனால் வீடு என்று முடிவு செய்யும்போது நான் பார்க்க மறந்தது கழிப்பறை. பழைய மூவறை வீடுகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: கழிப்பறை அடுப்படிக்குப் பின்னால் இருக்கும். அம்மாவின் கட்டிலிலிருந்து பதினேழு எட்டு. நடுவில் கழிப்பறை வாசலில் ஒரு கட்டு, ஏறி இறங்க வேண்டும். பகலில் அது ஒன்றுமில்லை. நோயில் இளைத்த ஆள், ராத்திரி இரண்டு மணிக்கு, அரைத் தூக்கத்தில், ஈரத் தரையில் அந்தக் கட்டை ஏறுவதை நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் முழுக்க நான் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தேன், அவர் எழுந்தால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதற்காக. பிற்பாடு, முதியவர்கள் உள்ள வீவக வீடுகளுக்கான ஈஸ் திட்டத்தில் கழிப்பறையில் கைப்பிடி வைத்து, தரைக்கு வழுக்காத பூச்சும் போட்டார்கள். அதை நோய் வருவதற்கு முன்பே செய்திருக்கலாம். வயதான பெற்றோர் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையில் வேறெதையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் அந்தக் கைப்பிடிக்கு இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பதென்றால் கண்காணிப்பு நம் கையில். டெமாசெக் அறநிறுவனம் 2021இல் வீட்டுக்கொன்று என்று இலவசமாகக் கொடுத்த, ரத்தத்தில் பிராணவாயு அளவைக் காட்டும் விரல் கருவி ஞாபகமிருக்கும். பல வீடுகளில் அலமாரியில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதைப் பிரித்த இரண்டாம் நாள் ராத்திரி, அக்கா வந்திருந்தபோது, அம்மாவின் விரலில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தார். 86 என்று அலறினார். நான் ஆம்புலன்சுக்கு 995ஐ அழுத்தப் போனேன். அம்மா நிதானமாகத் தன் விரலைப் பார்த்துவிட்டு, "எனக்கு 98ன்னு தெரியுதே" என்றார். அக்கா தலைகீழாகப் பார்த்திருக்கிறார். 98ஐத் திருப்பிப் போட்டால் 86. சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உடம்பு நடுங்கியது, ஏனென்றால் உண்மையான 86ஐத் திருப்பிப் பார்த்தால் 98 என்று தெரியும். அன்றிலிருந்து நோயாளியின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பது என்று விதி வைத்துக்கொண்டோம்.

அந்தக் கருவியை நம்புவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் கொஞ்சம் உண்டு. குளிர்சாதன அறையில் விரல் சில்லிட்டிருந்தால் எண் தப்பாக வரும். நகப்பூச்சு இருந்தாலும் வரும். அடர்த்தியாக மருதாணி இட்ட விரலையும் விட்டுவிட்டு வேறு விரலில் மாட்டுவது நல்லது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்று: கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் போக்கைப் பாருங்கள். எங்களுக்குச் சொல்லப்பட்டது இது: 95க்கு மேல் நின்றால் நிம்மதி. 93, 94 என்று நின்றால் மருத்துவரைக் கூப்பிடு. 92க்குப் போனால் யோசிக்காதே, மருத்துவமனை. உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, நாற்காலியிலிருந்து ஒரு நிமிடம் எழுந்து எழுந்து உட்கார்ந்தால் மூன்று புள்ளி இறங்குகிறது என்றால் அதுவும் எச்சரிக்கைதான். குழப்பம், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, இவற்றுக்கு எந்த எண்ணும் பார்க்க வேண்டாம். நேரே 995.

வீட்டின் இன்னொரு விலை என்னுடையது. மூன்று வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன், அப்போது அது சாதாரணம். இன்று பாதிப் பேருக்கு மேலாளரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். பணிப்பெண் இருக்கிறாரே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவருக்கும் தொற்றும். அவருக்கு மூக்கடைத்துக்கொண்டால் அன்றைக்கு யார் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே வார்டு

எங்களுக்குக் கிடைக்காமல் போன வழி இது. நோயாளியை மருத்துவமனைக் கணக்கில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பிவிடும் ஏற்பாடு. எம்ஐசி அட் ஹோம் என்று பெயர். 2022இல் சோதனை முறையில் தொடங்கி, 2024 ஏப்ரல் 1 முதல் பொது மருத்துவமனைகளின் வழக்கமான சேவையாகிவிட்டது. மருத்துவர் காணொளியில் பார்ப்பார், தாதி வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார், நரம்பில் மருந்து ஏற்றுவார். நிலைமை மோசமானால் திரும்ப வார்டு. கட்டணம் வார்டில் இருந்தால் ஆவதைவிடக் கூடாது என்பது ஏற்பாடு. அரசு மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ் இரண்டும் வார்டுக்குப் போலவே செல்லும்.

இன்று அம்மாவுக்கு வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். அக்காவின் பயத்துக்கும் என் ஆசைக்கும் நடுவில் சரியாக விழுகிற வழி. ஆனால் எல்லோருக்கும் கொடுக்கமாட்டார்கள், நிலை சீராக இருக்க வேண்டும், வீடு தோதாக இருக்க வேண்டும். அப்புறம் இதிலும் ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறை வாசலில் கைகொடுப்பது தாதியில்லை, நீங்கள்தான். வார்டு என்ற பெயரைக் கேட்டு அதை மறந்துவிடக் கூடாது. மருத்துவர்களாகவே சொல்லும்வரை காத்திராமல், வார்டு சுற்று வரும்போது, "இவருக்கு அது ஒத்துவருமா?" என்று கேளுங்கள்.

ஆக, எதை வைத்து முடிவெடுப்பது? நாங்கள் வார்டா வீடா என்று மூன்று நாள் வாட்ஸாப்பில் சண்டை போட்டது முழுக்க நோயின் தீவிரத்தைப் பற்றி. அதைத் தீர்மானிக்க மருத்துவர் இருந்தார். நாங்கள் பேசியிருக்க வேண்டியது ராத்திரியைப் பற்றி. ராத்திரி யார் விழித்திருப்பது, கழிப்பறை எத்தனை எட்டு, எண் இறங்கினால் யாரைக் கூப்பிடுவது. இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்தால் வீடு. ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் வீட்டிலேயே வார்டு, கிடைத்தால். இரண்டுக்கு இல்லையென்றால் கூச்சப்படாமல் சமூக மருத்துவமனை.

படுப்பதா, நடப்பதா

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு தேர்வு பாக்கி இருந்தது. இதில் நான் இரண்டு பக்கமும் தவறினேன்.

முதல் ஒன்பது நாள், கழிப்பறைக்குத் தவிர, அம்மாவைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. சாப்பாடு, டீ, தொலைக்காட்சி எல்லாம் அங்கேயே. பத்தாம் நாள் நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. காணொளியில் பார்த்த உடற்பயிற்சி சிகிச்சையாளர் என்னைத் திட்டவில்லை, ஆனால் முகம் சொன்னது. நாற்காலியில் எழுந்து உட்காருவது, வேளைக்கு ஐந்து முறை என்று தொடங்கச் சொன்னார். தனிமை நாள் முடிந்ததும் தாழ்வாரத்தில் நடை. எங்கள் புளோக்கில் எங்கள் வாசலிலிருந்து மின்தூக்கிவரை எட்டு வீடு. முதல் நாள் மூன்றாம் வீட்டு வாசல்வரை. அங்கே நின்று, அந்த வீட்டுச் சீன அம்மாளிடம் கையசைத்துவிட்டுத் திரும்புவார். சீனப் புத்தாண்டு அப்போதுதான் போயிருந்தது. அந்த அம்மாள் ஆரஞ்சும் ஒரு பெட்டி கோழிச்சாறும் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். நடந்துகொண்டே பேச முடிந்தால் சரியான வேகம், வாக்கியம் உடைந்தால் நிறுத்து, இதுதான் அளவு.

மூன்றாவது வாரம் எட்டு வாசலும் முடிந்தது. ஐந்தாவது வாரம் எனக்கு மறுபடி புத்தி கெட்டது. அம்மா நன்றாக இருக்கிறாரே என்று தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போனேன். ஒன்றரை மணி நேரம் வாழைப்பூவும் மீனும் பேரம் பேசி வாங்கினார், சிராங்கூன் சாலையில் பூ வாங்கினார், அன்று முழுக்கச் சந்தோஷம். மறுநாளில்லை, அதற்கு மறுநாள் படுத்தார். இரண்டு நாள் எழவில்லை. அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்றார். செய்த வேலைக்கு உடம்பு ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக் கணக்குக் கேட்டால், அங்கே முயற்சி செய்து முன்னேறுவது என்ற பேச்சு உதவாது. வேலையைத் துண்டுபோட்டு, தெம்பு தீர்வதற்கு முன்பே உட்கார வேண்டும். ஆக படுக்கையா நடையா என்றால் நடைதான், ஆனால் இன்றைய அளவை முடிவுசெய்வது நேற்றுமுன்தினம் எப்படிப் போனது என்பதுதான். மூன்று மாதமாகியும் இந்த அலுப்பு போகவில்லையென்றால் பாலிகிளினிக் எனும் பலதுறை மருந்தகத்தில் தனியாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு ஏழாவது வாரத்தோடு விட்டது.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மிளகு ரசம் தொண்டைக்கு இதம், ஆனால் ரசஞ்சோற்றில் தசை வளராது. முட்டை, மீன், பருப்பு, தயிர் ஏதாவது வேளைக்கு ஒன்று. மாமா ஊரிலிருந்து வரவழைத்த கபசுரக் குடிநீரை அம்மா ஆசையாகப் பார்த்தார். ஏற்கெனவே ஆறு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேண்டாம் என்று நான்தான் ஒளித்துவைத்தேன்.

கடன் எதிர்ப்பொருள் தரும் குழப்பம்

மாமாவின் இன்னொரு யோசனை, தனியார் மருந்தகத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்ப்பது. பார்த்தோம். எண் வானத்தில் இருந்தது. குடும்பமே கொண்டாடியது. மூட்டு மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, இது உங்கள் அம்மாவுடையது இல்லை, ஏற்றிய மருந்தைத்தான் இந்தச் சோதனை அளந்திருக்கிறது என்றார். கிருமியின் முள்ளுக்கு எதிரானதை அளக்கும் சோதனை அப்படித்தான் காட்டும். சொட்ரோவிமாப் உடம்பில் நெடுநாள் தங்கும்படி செய்யப்பட்டது, பாதி குறையவே கிட்டத்தட்ட ஏழு வாரம் ஆகும். காசு தண்டம்.

அதைவிடப் பெரிய தேர்வு, அடுத்த ரிட்டுக்ஸிமாப் எப்போது என்பது. அம்மாவுக்கு மார்ச்சில் தேதி. சொன்ன தேதியிலேயே போட்டால் உள்ளே மிச்சமிருக்கும் கிருமிக்கு மறுபடி கதவு திறந்ததுபோல. தள்ளிப்போட்டால் மூட்டு வீங்கும். இதில் மருத்துவர் எங்களையும் கேட்டார். தள்ளிப்போடலாம் என்றோம். இடையில் பி செல் கொஞ்சமாவது தலைகாட்டினால் தடுப்பூசிக்கும் பலன் இருக்கும் என்பது அவர் கணக்கு. முன்பெல்லாம் எதிர்ப்பொருள் ஏற்றியவர்கள் ஊசிக்கு 90 நாள் காத்திருக்க வேண்டும் என்றொரு வழிகாட்டல் அமெரிக்காவில் இருந்தது. 2022 பிப்ரவரியில் அதை அவர்களே எடுத்துவிட்டார்கள். விலை இருந்தது: ஏப்ரல் முழுக்க அம்மாவால் காலையில் பல்துலக்கியைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் பழுத்த கத்தரிக்காய் மாதிரி இருந்தன. அந்த முடிவு சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன், ஆனால் வலித்தது நானில்லை.

இன்று இதைப் படிக்கிறவர்களுக்கு மருந்தே மாறிவிட்டது. அம்மாவைக் காப்பாற்றிய அதே மருந்தை, கிருமி பிஏ.2 என்ற ஒமிக்ரான் வகையாக உருமாறியதும், 2022 ஏப்ரல் 5ஆம் தேதி அமெரிக்கா முழுக்க நிறுத்தினார்கள். செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனமும் வேண்டாமென்றது. எதிர்ப்பொருள் மருந்துகளின் பலவீனம் அது, பூட்டு மாறினால் சாவி வீண். இன்று முதலில் பேச்சு வருவது ஐந்து நாள் மாத்திரையான பாக்ஸ்லோவிட், அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். இங்கே அதற்கு அனுமதி வந்தது 2022 ஜனவரி 31, அம்மாவுக்குப் பன்னிரண்டு நாள் பிந்தி. அது கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டினோடு சேராது, உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸை ரத்தத்தில் ஆபத்தாக ஏற்றிவிடும், சிறுநீரகம் பலவீனமென்றால் அளவைக் குறைக்க வேண்டும். அப்படி ஒத்துவராதவர்களுக்கு மூன்று நாள் ரெம்டெசிவிர் ஏற்றுவது உண்டு. எதுவானாலும் மாத்திரைப் பட்டியலைக் கையில் வைத்திருங்கள். நாங்கள் அம்மாவின் பட்டியலைக் குளிர்பதனப்பெட்டிக் கதவில், தமிழில் ஒன்று ஆங்கிலத்தில் ஒன்று, ஒட்டிவைத்திருக்கிறோம். கீழே மூன்று பெயர்: பகலுக்கு அக்கா, ராத்திரிக்கு நான், என்னால் முடியாவிட்டால் மூன்றாம் வீட்டுச் சீன அம்மாள். அவரைக் கேட்டுத்தான் எழுதினேன்.